அக்டோபர் 14-க்குப் பிறகும் திறக்கும் மடிக்கணினி

2025 தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 14-ஆம் தேதி, எங்கள் வீட்டு மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தந்துவந்த ஆதரவு முடிவுக்கு வந்தது. மறுநாள் காலையிலும் அந்த மடிக்கணினி வழக்கம்போல் திறந்தது. கோயில் கணக்கு இருந்த இடத்தில் இருந்தது. பிள்ளைகளின் மாலை வகுப்புக்கு வேண்டிய கேள்வித்தாளை அச்சடித்துக் கொடுத்தது. பண்டிகைக்கு வந்திருந்த தங்கை மகன் திரையில் எழுந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, "மாமா, இதோட காலம் முடிஞ்சிருச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒன்னு வாங்கிருங்க" என்றான். கோலாலம்பூரில் கணினித் துறையில் வேலை பார்ப்பவன். என் வங்கிக் கணக்குக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில் சொன்னான். அவன் சொன்னதில் பாதி சரி என்பதை அடுத்த இரண்டு மாதங்களில் படித்தும் செய்தும் தெரிந்துகொண்டேன். மற்றப் பாதியை நான் ஏன் ஏற்கவில்லை என்பதை, எங்களைப்போல் தோட்டப்புற ஊர்களில் இதே அறிவிப்பைப் பார்த்துக் கலங்கியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் 27 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். பால்மரமாக இருந்து பிறகு செம்பனையாக மாறிய தோட்டம் அது. செம்பனை மரத்தை ஏறத்தாழ 25 ஆண்டுகளில் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். காய்ப்பு சற்றுக் குறைந்திருக்குமே தவிர, மரம் காய்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளுக்கும் குலை எட்டாத உயரத்துக்கு அது போய்விடுவதால், அறுப்புக் கூலி ஏறி, கம்பெனிக்குக் கட்டுப்படியாகாமல் போகும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு அந்தக் கணக்கு வேறு. அவர் இன்னும் சில ஆண்டுகள் அதே மரத்தில் அறுப்பார். மென்பொருள் நிறுவனம் ஆதரவை நிறுத்துவதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பழையதைப் பராமரிப்பது தனக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது நிறுவனத்தின் முடிவு. என் மேசையில் இருக்கும் கருவியை எந்த வேலைக்கு, எவ்வளவு நாள், எந்தக் காப்போடு வைத்திருப்பது என்பது என் முடிவு. அந்த முடிவைப் பயத்தினாலும் எடுக்கக் கூடாது, அசட்டையாகவும் எடுக்கக் கூடாது.

முதலில், அக்டோபர் 14-ஆம் தேதி எது நின்றது என்பதைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். விண்டோஸில் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடும். நமக்கு அது புதன்கிழமை விடியற்காலையில் வந்து சேரும். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு அந்த இலவச மாதாந்தரத் திருத்தம் நின்றுவிட்டது. கணினி நின்றுவிடவில்லை, கோப்புகள் அழியவில்லை, நிறுவியிருக்கும் செயலிகளும் பூட்டப்படவில்லை. ஆபத்து மாதந்தோறும் கூடிக்கொண்டே போகும் வகையைச் சேர்ந்தது. விண்டோஸ் 10-உம் அதற்கு அடுத்து வந்த 11-உம் பெரும்பகுதி ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை என்பதால், 11-க்கு ஒரு திருத்தம் வெளியாகும்போது, முன்னதையும் பின்னதையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த தீயவர்களுக்கு ஓட்டை எங்கே இருந்தது என்பது விளங்கிவிடும். அதே ஓட்டை 10-இல் திறந்தே கிடக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்கள் 2017-ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அந்த ஆண்டு மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற பிணைத்தொகை நச்சுநிரல் பல நாடுகளில் கணினிகளைப் பூட்டியது; இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாகும் அளவுக்கு அது போனது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியாகியிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள். அவற்றின் சொந்தக்காரர்கள் திருத்தத்தை நிறுவியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பிவழி இணையம் வராத லயத்து வீடுகளில் கைப்பேசியின் தரவைப் பகிர்ந்துதான் மடிக்கணினியை இணைக்கிறோம். தரவு தீர்ந்துவிடும் என்று புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருக்கும் வீடுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அந்தக் கணினிகள் ஆதரவு இருந்த காலத்திலேயே ஆதரவில்லாமல் ஓடியவை. மாதத்தில் ஒரு நாள் பட்டணத்தில் இணையம் உள்ள உறவினர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புதுப்பித்து வருவது பெரிய வேலையில்லை.

"வைரஸ் தடுப்பு இன்னும் வேலை செய்கிறதே" என்று எங்கள் கோயில் பொருளாளர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு நச்சுநிரல்களின் அடையாளங்களை 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆனால் வாசலில் நிற்கும் காவலாளிக்குத் திருடர்களின் படங்களைக் கொடுத்துக்கொண்டே இருப்பது, பின்சுவரில் விழுந்த ஓட்டையை அடைத்ததாக ஆகாது. உலாவிக்கும் இதே நிலைதான். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. குரோம் உலாவி 2023-இன் தொடக்கத்தில்தான் அதைக் கைவிட்டது. அந்த மூன்று ஆண்டும் பலர் உலாவி புதியதாக இருப்பதைப் பார்த்து எல்லாம் புதியதாக இருப்பதாக எண்ணிக்கொண்டார்கள். உலாவியும் நின்றுபோனால் அதன்பின் அந்த அமைப்போடு இணையத்துக்குப் போகவே கூடாது. உலாவி ஓடிக்கொண்டிருக்கும் வரையிலும்கூட திருத்தம் நின்றுபோன கணினியில் வங்கி வேலையைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, எங்கள் மடிக்கணினி விண்டோஸ் 11-க்கு ஏன் தகுதி பெறவில்லை என்று பார்த்தேன். 2017 ஜூனில், மகள் மெட்ரிகுலேஷனில் சேர்ந்தபோது, ஈப்போவில் வாங்கியது. அதன் மையச் சில்லு இன்டெல் ஐ5, ஏழாம் தலைமுறை. 8 ஜிகாபைட் ரேம். விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தையவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. எட்டாம் தலைமுறைச் சில்லு அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. இரண்டு மாதம் பொறுத்து வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறு இல்லை என்றுதான் பலருக்கும் அறிவிப்பு வருகிறது; அது பல கணினிகளில் உள்ளுக்குள் இருந்தும், விண்டோஸ் திறக்கும்முன் ஓடும் பயோஸ் என்ற அடிப்படை அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கும். ஆகவே புதியது வாங்கும் எண்ணத்துக்குப் போகும்முன், சில்லு எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால், பயோஸுக்குள் போய் அதை இயக்கிப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்த ஒரு மாற்றத்தோடு விண்டோஸ் 11 இலவசமாக வந்துவிட்டது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சில கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டு, சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும், பயோஸில் கை வைத்ததும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவியை முன்பே எழுதி வைக்காதவர்கள் தங்கள் படங்களையெல்லாம் இழக்க நேரிடலாம்.

தகுதியில்லாத கணினியில் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ நிறுவும் வழிகளும் இருக்கின்றன. அப்படி நிறுவியதற்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. தானே கழற்றிப் பூட்டத் தெரிந்த இளைஞர் தனக்காகச் செய்துகொள்ளலாம். கணக்கும் பிள்ளைகளின் படிப்பும் நம்பியிருக்கும் கணினியில் அதை நான் செய்ய மாட்டேன்.

எங்களிடம் இருந்தது ஒரு மடிக்கணினி மட்டுமன்று. கோயிலையொட்டிய சிறு மண்டபத்தில் தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. அங்கே, ஓர் அலுவலகம் கழித்துவிட்டதை நன்கொடையாகப் பெற்ற நான்கு மடிக்கணினிகள் இருக்கின்றன. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-இல் தொடங்கி, பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தபோது, மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்து பாடம் கேட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அந்த நினைவு இருப்பதனால்தான், ஓடுகிற ஒரு மடிக்கணினியைத் தூக்கிப் போடு என்று யார் சொன்னாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஐந்து கணினிகளையும் வரிசையாக மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதினேன். தோட்ட அலுவலகத்தில் எதைச் செய்தாலும் முதலில் பேரேடு போடுவது என் பழக்கம். கருவி எவ்வளவு பழையது என்பதைவிட, அதில் யார் உட்காருகிறார், எந்தக் கடவுச்சொல்லைத் தட்டுகிறார் என்பதே முக்கியம் என்பது அந்தத் தாளைப் பார்த்தபோது தெரிந்தது.

வீட்டுக் கணினியில் கோயில் கணக்கும், வருமான வரிப் படிவமும், வங்கி வேலையும் நடக்கின்றன. ஆகவே அதற்குத் திருத்தம் வந்தாக வேண்டும். வீட்டுப் பயனாளர்களுக்கென்று மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் அதைச் சேர்த்தேன். இந்தத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தரும். புதிய வசதிகளையோ தொலைபேசி உதவியையோ தராது. 30 அமெரிக்க டாலர் கட்டியும் சேரலாம். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் பணம் கட்டாமலும் சேரலாம். விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். புதுப்பிப்புப் பக்கத்திலேயே சேர்வதற்கான பொத்தான் தெரியும். ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்கு போதும். கோயில் கணக்கு என்பதால் யாருடைய பெயரில் உள்நுழைவது என்ற கேள்வி எழுந்தது. நிர்வாகம் மாறினால் கடவுச்சொல்லும் போய்விடும் அல்லவா? கோயிலுக்கென்று தனி மின்னஞ்சல் உருவாக்கி, கடவுச்சொல்லை உறையிலிட்டு, செயலாளரிடமும் பொருளாளரிடமும் ஒவ்வொன்று கொடுத்தோம். ஓராண்டு அவகாசம் கிடைத்திருக்கிறது. அது யோசிப்பதற்கான அவகாசமே தவிர, சும்மா இருப்பதற்கானதன்று.

மண்டபத்துக் கணினிகளில் ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய தமிழ், கணிதப் பாடக் குறுவட்டுகள் ஓடுகின்றன. அவை விண்டோஸில் மட்டுமே ஓடும். சிறு பிள்ளைகளுக்கு அவை மீது அவ்வளவு ஆசை. அந்தக் கணினியில் கம்பியில்லா இணைப்பை அணைத்து, நினைவில் இருந்த கடவுச்சொற்களை அழித்து, மேல்மூடியில் "இணையம் கூடாது" என்று ஒட்டிவிட்டேன். இணையம் இல்லாத கணினிக்கும் பென்டிரைவ் வழியாக நோய் வரும் என்பதால், அதற்கென்று ஒரே ஒரு பென்டிரைவ், வேறெங்கும் செருகக் கூடாது என்று கட்டளை. இந்த அளவில் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

மண்டபத்தின் மேலும் இரண்டு கணினிகளில், விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவினோம். இதைத்தான் நான் அதிகம் அஞ்சினேன். இதிலேதான் அதிகம் கற்றுக்கொண்டேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதில் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலகுவான பதிப்பை எடுத்தோம். ஒரு கணினியில் 4 ஜிகாபைட் ரேம்தான் இருந்தது என்பது அதற்குக் காரணம். கோப்பு ஏறத்தாழ 3 ஜிகாபைட்; அதைக் கைப்பேசித் தரவில் இறக்க மனம் வராமல், தாமானில், அதாவது பட்டணத்துக் குடியிருப்பில், இணையம் உள்ள நண்பர் வீட்டில் இறக்கிப் பென்டிரைவில் ஏற்றி வந்தேன். இதில் மனத்துக்கு ஆறுதலான ஒன்று என்னவென்றால், வட்டில் எதையும் மாற்றாமல், பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். அரைநாள் அப்படி ஓட்டி, ஒலி வருகிறதா, நிழற்படக் கருவி தெரிகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, மண்டபத்து அச்சுப்பொறி அச்சடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒன்றில் வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை. கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் தரவைப் பகிர்ந்து, வைஃபையை இயக்கும் சிறு மென்பொருளான இயக்கியை இறக்கியதும் சரியாகிவிட்டது. இந்த ஒரு வழி தெரியாமல், "லினக்ஸில் இணையமே வராது" என்று கைவிட்டவர்கள் பலர் இருக்கக்கூடும்.

இரண்டிலும் சுழல்வட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்.எஸ்.டி. வட்டைப் போட்டோம். மண்டபத்துக்கு நன்கொடை வந்த பணத்தில் ஒன்றுக்கு 100 வெள்ளிக்குக் குறைவாகவே ஆனது. நான்கு நிமிடம் திறக்க எடுத்துக்கொண்ட கணினி அரை நிமிடத்தில் திறந்தது. பழைய மடிக்கணினியின் மந்தத்துக்கு இயங்குதளத்தைக் குறை சொல்வதற்குமுன் வட்டைப் பாருங்கள் என்பதை அழுத்திச் சொல்வேன்.

பிள்ளைகள் ஒரே மாலையில் பழகிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி உலாவிக்குள்ளேயே இருக்கிறது. கல்வி அமைச்சின் டெலிமா தளமும் அதிலிருக்கும் வகுப்பறையும் லினக்ஸில் உள்ள உலாவியில் திறக்கின்றன. தமிழ்த் தட்டச்சுதான் என் கவலையாக இருந்தது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவியபின், 1999-இல் சென்னை மாநாட்டில் வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் கிடைத்தது, ஆங்கில எழுத்தை ஒலிக்கேற்பத் தட்டித் தமிழ் பெறும் முறையும் கிடைத்தது. பெரியவர்கள் முதலாவதையும் பிள்ளைகள் இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்கள். விண்டோஸில் லதா எழுத்துருவில் தட்டிய கேள்வித்தாள்கள், லினக்ஸில் உள்ள ஆவண மென்பொருளான லிப்ரே ஆபீஸில் திறந்தபோது வரிகள் இடம் மாறின. லதா அங்கே இல்லாததால் வேறு எழுத்துரு அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் அகலம் வேறு. கட்டற்ற எழுத்துருவான நோட்டோ சான்ஸ் தமிழை இரண்டு பக்கமும் நிறுவி, இனி எல்லாரும் அதிலேயே தட்டுவது என்று முடிவு செய்தோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் நன்கொடையாளர் பதிவேட்டில் வந்தது. கோயில் திருப்பணிக்கு உபயம் கொடுத்தவர்களின் பெயர், தோட்டம், தொகை எல்லாவற்றையும் 1998 முதல் முன்னாள் செயலாளர் ஒருவர் கணினியில் தட்டி வைத்திருந்தார். அதன் ஒரு படியை லினக்ஸில் திறந்தபோது, தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக வந்தன. பார்த்ததும் பொருளாளர் அண்ணனின் முகம் வாடிவிட்டது; கோப்பு கெட்டுவிட்டதென்று நினைத்தார். கெடவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண்களைத் தரும் ஒருங்குறி (யூனிகோட்) பரவலாகும்முன், தமிழை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியேற்றத்தில், அதாவது எழுத்துக்கு எண் தரும் முறையில், சேமித்தது. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் இருந்ததனால்தான் நாம் தமிழில் தட்டவே முடிந்தது. அந்தக் காலத்தில் வழங்கிய திஸ்கி போன்ற முறைகள், 256 இடங்கள் கொண்ட அட்டவணையின் மேல்பாதியில் தமிழை அமர்த்தின. அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் அதே இடங்களில் ஐரோப்பிய எழுத்துகள் தெரியும். விண்டோஸில் அந்தப் பழைய எழுத்துரு ஒரு மூலையில் நிறுவப்பட்டிருந்ததால், இத்தனை ஆண்டுகளாக நாங்கள் இதை உணரவே இல்லை.

இது லினக்ஸுக்குப் போனதால் வந்த சிக்கலன்று என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். புதிய மடிக்கணினி வாங்கி அதில் திறந்திருந்தாலும் இதே ஐரோப்பிய எழுத்துகள்தாம் வந்திருக்கும். அப்போது பழைய கணினி பழைய இரும்பு லோரியில் ஏறிப் போயிருக்கும், எழுத்துருவும் அதோடு போயிருக்கும். ஆகவே பழைய கணினியை விட்டுப் பிரிவதற்குமுன், ஆவணங்களோடு எழுத்துருக் கோப்புறையையும் படி எடுத்து வையுங்கள். படி எடுத்ததைப் புதிய இடத்தில் திறந்து, கண்ணால் படித்துப் பார்த்தபின்பே பழையதை அழியுங்கள். அந்த எழுத்துருவைத்தான் நாங்கள் லினக்ஸில் நிறுவினோம். பெயர்கள் திரும்பி வந்தன. பிறகு குறியேற்ற மாற்றி ஒன்றின் வழியாக ஒருங்குறிக்கு மாற்றத் தொடங்கினோம். பழைய முறையில் கொம்பு, மெய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால் வரும். மாற்றி இதைப் பெரும்பாலும் சரியாகச் செய்கிறது என்றாலும், ஊர்ப்பெயரும் மலாய்ச் சொல்லும் ஆங்கில எண்ணும் கலந்த வரிகளில் தடுமாறுகிறது.

ஐந்தாவது கணினியின் அடிப்பகுதி உப்பியிருந்தது. மின்கலம் வீங்கினால் அது தீப்பற்றக்கூடியது. அதை அழுத்தவோ குத்தவோ மீண்டும் மின்னூட்டவோ கூடாது. அதன் ரேமை எடுத்து 4 ஜிகாபைட் கணினிக்குக் கொடுத்தோம். எஞ்சியது மின்னணுக் கழிவு. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டின்கீழ் அது வருகிறது. தெருவில் ஒலிபெருக்கி கட்டிப் பழைய சாமான் வாங்கும் லோரிக்குக் கொடுத்தால் செம்புக்காக எங்கோ எரிக்கப்படலாம். அந்தப் புகை நம் பிள்ளைகளின் மூச்சுக்குள்தான் போகும். சுற்றுச்சூழல் துறையின் பட்டியலில் உள்ள சேகரிப்பு மையத்துக்கு, அடுத்த முறை ஈப்போ போகும்போது எடுத்துச் செல்வதற்காக, மின்கலத்தைத் தனியே எடுத்து, முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். வட்டை முன்பே எடுத்து அழித்துவிட்டோம்.

தங்கை மகனுக்கு இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னேன். புதியது வாங்கியே ஆக வேண்டிய நிலை யாருக்கு என்று பேசிக்கொண்டோம். விண்டோஸில் மட்டும் ஓடும் வேலை மென்பொருளை இணையத்தோடு பயன்படுத்துகிறவர், அலுவலகத்தின் கோப்புகளைக் கையாள்கிறவர், பழுது பார்த்துத் தர அருகில் ஆளில்லாதவர் ஆகியோர் வாங்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். வாங்கும்போதும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய, அலுவலகங்கள் கழித்த நல்ல மடிக்கணினி பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கிறது என்பதை அவனே சொன்னான். கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மடிக்கணினியை வாங்குகிறவர்கள், அதன் புதுப்பிப்பு எந்த ஆண்டு முடிகிறது என்பதை அமைப்புப் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும் என்பதையும் அவன்தான் நினைவூட்டினான். அந்தத் தேதி வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை.

பதிவேட்டு வேலை இன்னும் நடக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் பொருளாளர் அண்ணன் பழைய அச்சுப் பிரதியிலிருந்து ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார். லினக்ஸ் கணினியில் படிவம் மூன்று படிக்கும் மாணவி திரையில் சரிபார்க்கிறாள். இப்போது வரைபடத்தில் இல்லாத தோட்டப் பிரிவுகளின் பெயர்கள் வரும்போது அவள் நிறுத்தி, எப்படி எழுதுவது என்று கேட்கிறாள். அவர் எழுத்துக்கூட்டிச் சொல்கிறார். 412 பெயர்களில் 290 முடிந்திருக்கின்றன. பொங்கலுக்குள் முடித்து, இரண்டு பென்டிரைவில் ஏற்றி, ஒன்றை என் வீட்டிலும் மற்றொன்றைக் கோயில் பெட்டியிலும் வைப்பதாக இருக்கிறோம்.